இப்னு பதூதாவும் இன்றைய சபுராளிகளும்



சென்ற நோன்புப் பெருநாளன்று எங்கள் குடும்பத்தார் அனைவரும் என் மூத்த சகோதரியின் இல்லத்தில் கூடியிருந்தோம். அவருடைய இளைய மகன் கணினி மென்பொருள் எழுதுபவர். அலுவலகம் என்று அவருக்குத் தனியே ஓர் இடம் கிடையாது. மடிக்கணினியை விரித்து இணைய இணைப்பைப் பெறும் இடமே அவருடைய அலுவலகம். சில மாதம் ஜார்ஜியாவின் திபிலீசி, சில மாதம் துருக்கி, பின்னர் மலேசியா என்று நகர்ந்துகொண்டே சம்பாதிக்கிறார். பெருநாள் வாழ்த்துச் சொல்லக் காணொளியில் தோன்றினார்.

"வாப்பா, நீ இருக்கிற ஊர்ல இப்ப என்ன வக்து?" என்று கேட்டார் அவருடைய தாயார்.

"லுஹர் உம்மா. இங்கே அஸருக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் மகன்.

அறிமுகமில்லாத ஒரு பள்ளிவாசலில் பெருநாள் தொழுகையை முடித்துவிட்டு, அறைக்குத் திரும்பி வேலை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வேலை கொடுத்த நிறுவனம் வேறொரு நாட்டில் இருந்தது; அங்கு அன்று விடுமுறையில்லை. பேச்சு முடிந்தபின் சகோதரி கைப்பேசியைக் கீழே வைத்தார். "தினமும் பேசுறான். காசும் அனுப்புறான். ஆனா எம்புள்ள எங்கே இருக்கான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல்லியே" என்றார். வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஊர் ஊராகச் சென்றுகொண்டே பிழைக்கும் வாழ்க்கையை இணையம் கொண்டுவந்த புதுமையென்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் நம் உம்மத்தின் வரலாற்றில் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படி வாழ்ந்த ஒருவர் இருக்கிறார். அவர் அடைந்ததையும் இழந்ததையும் தம் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். அவர்தாம் இப்னு பதூதா. அவரை நாம் பெரும்பாலும் ஊர் சுற்றிய பயணியாகவே அறிவோம். பணி செய்து பிழைத்த ஒரு மனிதராக, ஒரு தாயின் மகனாக அவரை எண்ணிப் பார்ப்பது அரிது. இக்கட்டுரை அந்தக் கோணத்திலிருந்து அவரை நோக்குகிறது.

சுமையில்லாத மூலதனம்

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில், மார்க்கச் சட்ட அறிஞர்களைக் கொண்ட குடும்பமொன்றில் 1304ஆம் ஆண்டு இப்னு பதூதா பிறந்தார். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமது 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியாகப் புறப்பட்டார். அப்போது பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிந்தபோது தாம் பட்ட வேதனையையும் அவர்கள் பட்ட வேதனையையும் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் செல்வந்த வணிகர் அல்லர். விற்பதற்குச் சரக்கு எதையும் கொண்டு செல்லவில்லை. அவரிடம் இருந்த மூலதனம் இரண்டு: ஒன்று அரபு மொழி, மற்றொன்று மாலிக்கி மத்ஹபின் ஃபிக்ஹு அறிவு. இவ்விரண்டையும் சுமக்கக் கழுதையும் வேண்டியதில்லை, ஒட்டகமும் வேண்டியதில்லை. அன்று முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர்களில் திருமணம், வாரிசுரிமை, கடன், வக்ஃபு, வழக்கு எல்லாவற்றுக்கும் மார்க்கச் சட்டம் அறிந்தவர் தேவைப்பட்டார். ஆகவே ஓர் ஊரில் கற்ற கல்வி, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஊரிலும் செல்லுபடியானது. துனிஸிலிருந்து புறப்பட்ட ஹாஜிகளின் பயணக் கூட்டத்திற்கே அவர் காஜியாக நியமிக்கப்பட்டார். ஊரை விட்டுக் கிளம்பிய சில மாதங்களிலேயே, பயணம் செய்துகொண்டே பணி புரியும் வாழ்க்கை தொடங்கிவிட்டது.

1326ஆம் ஆண்டு டமாஸ்கஸ் சென்றபோது உமையாப் பள்ளிவாசலில் அமர்ந்து ஹதீஸ் கற்று, ஆசிரியர்களிடம் இஜாஸா எனும் அனுமதிச் சான்றுகளைப் பெற்றார். இன்று ஒருவர் தம் தகுதியைக் காட்டச் சான்றிதழ்களை இணையத்தில் இட்டு வைப்பது போல, அன்று அறிஞர்கள் இஜாஸாவைக் கொண்டே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டனர். அவருக்கு இஜாஸா வழங்கியவர்களுள் பெண் அறிஞர்களும் இருந்தனர். புகழ்பெற்ற ஹதீஸ் அறிஞரான ஸைனப் பின்த் கமாலுத்தீன் அவர்களுள் ஒருவர். நம் பெண் மக்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தகைய வாழ்க்கை தனி மனிதரின் துணிச்சலால் மட்டும் நடந்துவிடவில்லை. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் அல்குர்ஆன் ஒருவராக வைத்திருக்கிறது. அந்தக் கட்டளை ஊர்தோறும் கட்டடமாகவும் நிதியாகவும் உருப்பெற்றிருந்தது. டமாஸ்கஸில் பயணிகளுக்கு உணவும் உடையும் ஊர் திரும்பும் செலவும் வழங்கும் வக்ஃபு ஒன்று இருந்ததை இப்னு பதூதா குறிப்பிடுகிறார். ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதவருக்கு ஒன்று, ஏழை மணப்பெண்களுக்கு ஒன்று என அங்கு வக்ஃபுகள் பல. ஒரு நாள் தெருவில் ஓர் அடிமைச் சிறுவன் சீனப் பீங்கான் தட்டொன்றைக் கை தவறி உடைத்துவிட்டான். கூடியவர்களுள் ஒருவர், உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் கொண்டு போகச் சொன்னார். அங்கே அத்தட்டின் விலை அவனுக்குக் கொடுக்கப்பட்டது. எசமானின் அடிக்கும் ஏச்சுக்கும் அவன் தப்பினான். முகமறியாதவருக்கும் தாங்குதல் தரும் அந்த அமைப்புகளை நம்பியே பயணிகள் நடந்தார்கள். தங்குவதற்குக் கான்காக்களும் மதரஸாக்களும் இருந்தன. எந்த ஊரிலும் ஐந்து வேளையும் திறந்திருக்கும் கதவாகப் பள்ளிவாசல் இருந்தது.

டெல்லியின் பெரும் சம்பளம்

மக்கா, ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, அனத்தோலியா, மத்திய ஆசியா எனச் சுற்றிய இப்னு பதூதா 1333ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்து நதியை அடைந்தார். டெல்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக் வெளிநாட்டு அறிஞர்களை விரும்பி வரவேற்றுப் பெரும் பதவிகளை வழங்கினார். அந்தச் செய்தியே அவரை ஈர்த்தது.

இன்று ஒரு நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். என்ன நோக்கத்தில் வருகிறோம், எவ்வளவு காலம் தங்குவோம் என்று எழுதித்தர வேண்டும். அன்று முல்தானிலும் அப்படியே நடந்தது. நிலையாகத் தங்கிப் பணி புரிய வருகிறவரைத் தவிர மற்றவர் தலைநகருக்கு அனுப்பப்படவில்லை. தங்குவதாக ஒப்புக்கொண்ட இப்னு பதூதாவின் பெயரில் காஜியும் சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பந்தப் பத்திரம் எழுதப்பட்டது. உடன் வந்தவர்களுள் சிலர் அதற்கு இணங்கவில்லை.

டெல்லியில் அவருக்குக் காஜிப் பதவி கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 12,000 தீனார். கிராமங்களின் வருவாயும் அதனுடன் சேர்ந்தது. ஆனால் அவரோ மாலிக்கி, ஊராரோ ஹனஃபி. மக்களின் மொழியும் அவருக்குத் தெரியாது. இதை அவரே சுல்தானிடம் எடுத்துச் சொன்னார். உதவிக்கு இருவரை நியமித்திருப்பதாகச் சுல்தான் பதிலளித்தார். பெயர் இவருடையது, வேலையின் பெரும்பகுதி மற்றவருடையது என்ற நிலை. அயல்நாட்டார் என்பதாலேயே ஒருவருக்கு உயர்ந்த ஊதியம் கிடைப்பதும், உள்ளூர் மொழியறிந்தவர் அவருக்குக் கீழே உழைப்பதும் அன்றும் இருந்தன.

வரவு பெரிது, செலவு அதனினும் பெரிது. சுல்தானைக் காண வருகிறவர் காணிக்கை கொண்டுவர வேண்டும். அதைப்போல் பன்மடங்கு சுல்தான் திருப்பித் தருவார். ஆகவே புதிதாக வருகிறவருக்குக் குதிரை, ஒட்டகம், பொருள் எல்லாவற்றையும் கடனாகக் கொடுத்துப் பின்னர் வசூலிப்பதையே தொழிலாகக் கொண்ட வணிகர்கள் இருந்தனர். இப்னு பதூதாவும் கடன் வாங்கினார். ஆடம்பரமாக வாழ்ந்தார். இறுதியில் கடன் 55,000 தீனாராக ஏறியது. கடன்காரர்கள் அவரைச் சூழ்ந்தனர். அதைச் சுல்தான் தீர்த்து வைத்ததால் தப்பினார்.

கொடுத்த கையே ஒரு நாள் பிடிக்கவும் செய்தது. சுல்தானின் கோபத்திற்கு ஆளான ஒரு ஷைகைச் சந்தித்து வந்த காரணத்தால் இப்னு பதூதா காவலில் வைக்கப்பட்டார். மரணத்தை எதிர்பார்த்தபடி இடைவிடாது நோன்பு நோற்றுக் குர்ஆன் ஓதினார். விடுதலையானபின் உடைமைகளைத் துறந்து ஒரு துறவியின் தொண்டராகச் சில காலம் வாழ்ந்தார். ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரின் தயவில் முழு வாழ்வையும் ஒப்படைத்தவருக்கு நேர்வது எக்காலத்திலும் இதுதான். அவர் முகம் மாறினால் ஊதியமும் பாதுகாப்பும் ஒரே நாளில் மறைந்துவிடும்.

கோழிக்கோட்டிலிருந்து மதுரை வரை

சீனப் பேரரசருக்குத் தூதராகச் சுல்தான் அவரை அனுப்பியது 1340களின் தொடக்கத்தில். பெரும் பரிசுப் பொருள்களுடன் கோழிக்கோடு வந்து கப்பல் ஏற ஆயத்தமானார்கள். ஜும்ஆத் தொழுகைக்காக இப்னு பதூதா கரையில் தங்கினார். அந்த நேரத்தில் புயல் வீசியது. பரிசுப் பொருள்களை ஏற்றிய பெருங்கப்பல் உடைந்து உயிர்கள் பல மாண்டன. அவருடைய உடைமைகளும் ஆட்களும் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துச் சென்றது. அவரிடம் எஞ்சியவை பத்துத் தீனாரும், படுத்துறங்க விரித்திருந்த ஒரு விரிப்பும் மட்டுமே.

மீண்டும் அவரைக் காத்தது அவருடைய கல்விதான். மாலத்தீவுக்குச் சென்றார். காஜி என்று தெரிந்தால் விடமாட்டார்கள் என்று மறைத்துப் பார்த்தார், மறைக்க இயலவில்லை. அப்போது அத்தீவுகளை ஆண்டவர் கதீஜா என்ற அரசியார். அங்கே காஜியாக அமர்ந்து ஜும்ஆவைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். பெண்களின் உடை முறையை மாற்ற முயன்று தோற்றார். அமைச்சருடன் பிணக்கு ஏற்பட்டுப் பதவியைத் துறந்தார்.

இவ்விடத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அத்தீவில் மஹர் குறைவாக இருந்ததால் மணமுடிப்பது எளிதாக இருந்தது. கப்பலில் வருகிறவர்கள் மணந்து, கப்பல் புறப்படும்போது மணவிலக்குச் செய்து போனார்கள். இப்னு பதூதாவும் அங்கே பெண்கள் பலரை மணந்து, புறப்படும்போது பிரிந்தார். பின்னர் ஒருமுறை அங்கே திரும்பியபோது தமக்குப் பிறந்த இரண்டு வயது மகனைக் கண்டார். உடன் அழைத்துச் செல்ல எண்ணி, பின் அவனைத் தாயிடமே விட்டுவிட்டுக் கப்பலேறினார். அவருடைய கல்வியைப் போற்றுகிற நாம், இந்தச் செயலைப் பின்பற்றத்தக்கதாகக் கொள்ள முடியாது. அவர் எழுதிவைத்த உண்மையை மறைக்கவும் முடியாது.

இலங்கையில் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதம் மலை ஏறியபின் தமிழகக் கரை நோக்கி வந்தார். கரையை நெருங்குகையில் கப்பல் சிதைந்தது. தோழர்களைக் கட்டுமரத்தில் அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தார். காலையில் கரையோர மக்கள் வந்து காப்பாற்றினர். அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவர் இப்னு பதூதாவுக்குச் சகலை முறை. மதுரைச் சுல்தானாக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மகள்கள் இருவரை இவ்விருவரும் மணந்திருந்தனர். உறவினர் என்பதற்காக உண்மையை அவர் மூடி மறைக்கவில்லை. போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சுல்தான் கொன்ற கொடுமையைக் கண்டு மனம் வெதும்பியதாகப் பதிவு செய்திருக்கிறார். அதே வேளையில், தமக்குச் சோறிட்ட மாலத்தீவின்மீது படையெடுக்கும்படி அதே சுல்தானிடம் யோசனை சொன்னதையும் அவரே எழுதுகிறார். மனிதரின் நன்மையும் தவறும் ஒரே ஏட்டில் கிடக்கின்றன. மதுரையில் அப்போது கொள்ளைநோய் பரவியது. தாமும் காய்ச்சலில் விழுந்து, உயிர் பிழைத்தால் போதும் என்று புறப்பட்டார்.

மேற்குக் கரையில் கடற்கொள்ளையர் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்தனர். பொன்னும் முத்தும் போனதோடு, புகாராவின் அறிஞர்களுடைய அடக்கத்தலங்களில் படியெடுத்த குறிப்புகளும் போயின. பின்னாளில் அவர் சொன்ன பயண வரலாற்றின் பெரும்பகுதி நினைவிலிருந்து சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. சில இடங்களுக்கு அவர் உண்மையாகவே சென்றாரா என்று ஆய்வாளர் சிலர் ஐயுறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டமாஸ்கஸில் கேட்ட செய்தி

அவர் வாழ்வில் என்னை மிகவும் கலங்கச் செய்யும் பகுதி இனித்தான் வருகிறது.

1326இல் டமாஸ்கஸில் ஒரு பெண்ணை மணந்து, அவர் கருவுற்றிருக்கும் நிலையிலேயே பிரிந்து வந்திருந்தார் இப்னு பதூதா. ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருக்கும்போதுதான் அவருக்கு எட்டியது. குழந்தையின் தாய்வழிப் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகளை அனுப்பினார். தந்தையாக அவர் செய்தது அவ்வளவே.

1348ஆம் ஆண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் டமாஸ்கஸ் வந்தார். வந்தவுடன் பள்ளிவாசலுக்குச் சென்று, தமக்கு முன்பே பழக்கமான மாலிக்கி இமாமைக் கண்டு ஸலாம் சொன்னார். இமாமுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தம்மை யாரென்று சொல்லித் தம் மகனைப் பற்றி விசாரித்தார். அவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார் இமாம். மகன் வாழ்ந்ததோ பத்து ஆண்டுகள் அளவே. தந்தையின் முகத்தை அவன் கண்டதில்லை. மகனின் முகத்தைத் தந்தையும் கண்டதில்லை.

அவ்வூரில் தாஞ்சியரைச் சேர்ந்த ஓர் அறிஞர் இருப்பதாக அறிந்து அவரிடம் சென்றார். பெற்றோரைப் பற்றிக் கேட்டார். தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகளாகிவிட்டன, தாய் உயிருடன் இருக்கிறார் என்ற பதில் கிடைத்தது. தந்தை மறைந்த காலத்தில் மகன் டெல்லியை நோக்கிய வழியிலோ டெல்லியிலோ இருந்திருக்க வேண்டும். ஜனாஸாவின் தோளில் அவர் கை இல்லை.

தாயாவது இருக்கிறாரே என்று புறப்பட்டிருந்தால்கூடப் போதியிருக்கும். ஆனால் அது பெருங்கொள்ளைநோயின் காலம். டமாஸ்கஸில் மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தித் தெருவில் அழுதுகொண்டு சென்ற காட்சியை அவர் கண்டார். அதன்பின் மக்காவுக்குச் சென்று மீண்டும் ஹஜ்ஜு முடித்து, 1349இல் மொராக்கோ எல்லைக்குள் நுழைந்தார். தாஸா என்ற ஊரை அடைந்தபோது, தாயும் அந்தக் கொள்ளைநோயில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் தாஞ்சியர் சென்ற மகன் தாயின் கபுரை ஸியாரத் செய்தார்.

அவர் சொல்லும் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. சீனாவில் தம் நாட்டின் சப்தா நகரைச் சேர்ந்த அறிஞர் ஒருவரைச் சந்தித்தார். டெல்லியில் இளைஞராகப் பார்த்தவர், இப்போது பெருஞ்செல்வராக இருந்தார். பிரியும் வேளையில் அவர் அழுதார்; இவரும் அழுதார். சில ஆண்டுகளுக்குப் பின் சஹாரா பாலைவனத்தின் விளிம்பிலுள்ள சிஜில்மாஸாவில் இப்னு பதூதா தங்கிய வீடு அந்த அறிஞரின் சகோதரருடையது. அண்ணன் உலகின் ஒரு முனையில், தம்பி மறுமுனையில். இருவரையும் பார்த்தவர் இடையில் நடந்த இந்தப் பயணி ஒருவரே.

நம் ஊர்களின் சபுராளிகள்

பயணத்தை அரபியில் சஃபர் என்பர். நம் கடற்கரை ஊர்களில் அது 'சபர்' ஆயிற்று. பொருளீட்டப் புறப்பட்டவர் 'சபுராளி' ஆனார். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற ஊர்களிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1828க்கும் 1830க்கும் இடையே சிங்கப்பூரில் எழுந்த நாகூர் தர்காவும் அவர்கள் கால் பதித்த அடையாளங்கள். போன இடத்தில் முதலில் தொழ ஓர் இடம் கண்டார்கள். அதன்பின் வந்தவர்க்கு அதுவே முதல் முகவரியாயிற்று.

வீட்டுடன் அவர்களைப் பிணைத்தது கடிதம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில், குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள் தம் கணவருக்குத் தாமே எழுதினார்கள். வந்த கடிதத்தைத் தாமே படித்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண் மணமானபின்னும் தாய் வீட்டை ஒட்டியே வாழும் வழக்கம் இன்றும் உண்டு. கணவர் கடல் கடந்திருக்கையில் பெண்ணும் பிள்ளைகளும் தனித்துவிடாமல் இருக்க அது பெருந்துணையாயிற்று. பயணம் போகிறவருக்கு ஊர் வக்ஃபு அமைத்தது போல, வீட்டில் இருப்பவருக்கும் நம் முன்னோர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆயினும் பிள்ளை பிறந்து வளர்ந்தபின் முதன்முதலாகத் தகப்பனைப் பார்த்து, "இது யாரும்மா?" என்று கேட்ட கதைகள் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. சபுராளியின் மனைவியர் சிந்திய கண்ணீரைக் கணக்கிட எந்த ஏடும் இல்லை.

மடிக்கணினியின் காலம்

'டிஜிட்டல் நாடோடி' என்ற பெயரைத் தலைப்பாகக் கொண்ட ஆங்கில நூல் 1997இலேயே வெளிவந்துவிட்டது. அதன் ஆசிரியர்கள் ஜப்பானியப் பொறியாளர் சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும். கருவிகள் சிறுத்து, இணைப்பு எங்கும் கிடைத்தால் மனிதன் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை என்பது அவர்களுடைய முன்னோக்கு. கொரோனாக் காலத்தில் அது பரவலான நடைமுறையாயிற்று. 2020இல் எஸ்தோனியா இத்தகைய பணியாளருக்கெனத் தனி விசாவை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் துபாயும், 2022இல் மலேசியாவும் தத்தம் திட்டங்களைத் தொடங்கின. முல்தானில் எழுதிய பத்திரத்தின் இன்றைய வடிவம் என்றே இவற்றைக் கொள்ளலாம். இப்பத்திரங்களிலும் நிபந்தனைகள் உண்டு. சுற்றுலா விசாவில் நுழைந்து மறைவாக வேலை செய்வது, தங்கும் நாட்டுக்குரிய வரியை மறைப்பது ஆகியவை ஒப்பந்தத்தை மீறும் செயல்கள். வாக்குறுதியை நிறைவேற்றுவது முஃமினின் பண்பு என்பதை இணையம் மாற்றிவிடவில்லை.

இவ்வகைப் பணியாளரின் அன்றாட வாழ்வோடு ஒட்டிய ஒரு மார்க்கச் சட்டத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். முசாபிருக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டு. ஆனால் ஓர் ஊரில் தங்க எண்ணம் கொண்டுவிட்டால் அவர் முகீம் ஆகிவிடுகிறார். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே முகீம் என்பது ஷாஃபி மத்ஹபு. பதினைந்து நாள் தங்க எண்ணினால் முகீம் என்பது ஹனஃபி மத்ஹபு. மூன்று மாதத்துக்கு அறை எடுத்துத் தங்குகிறவர் இரண்டின்படியும் அவ்வூர்வாசிதான். தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும். நோன்புக்கும் பயணச் சலுகை இல்லை. ஐயமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். எனக்கு இச்சட்டத்தில் ஆழ்ந்த ஒரு கருத்து தெரிகிறது. எங்கே தங்குகிறாயோ அங்கே நீ விருந்தாளியாக மட்டும் இருந்துவிட முடியாது. அங்குள்ள அண்டைவீட்டாருக்கும் ஜமாஅத்துக்கும் உன்மீது உரிமை வந்துவிடுகிறது.

வீட்டின் உரிமை அதைவிடப் பெரியது. பயணத்தைத் துன்பத்தின் ஒரு பங்கு என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், போன காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறு பணித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் ரோந்து செல்லும்போது, போருக்குச் சென்ற கணவரை எண்ணிப் புலம்பும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டார்கள். ஒரு பெண் கணவரைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, படைவீரர் வெளியில் இருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. பேரரசின் போர்த்தேவையைவிட ஒரு வீட்டின் தனிமை அங்கே பெரிதாக எண்ணப்பட்டது.

இப்னு பதூதாவைக் குறை கூறுவதற்காக இவற்றை நான் எழுதவில்லை. அவர் காலத்தில் டெல்லியிலிருந்து தாஞ்சியருக்கு ஒரு செய்தி போய்ச்சேர ஆண்டுகள் ஆகும். தந்தை இறந்ததை அறியாமல் இருந்ததற்கு அவருக்குக் காரணம் உண்டு. நொடியில் முகம் பார்த்துப் பேசும் நமக்கு அந்தக் காரணம் இல்லை. ஆயினும் திரையில் தெரியும் முகம் வீட்டுக்கு வந்த மகன் ஆகாது. காய்ச்சலில் படுத்திருக்கும் தாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அந்த முகத்தால் இயலாது.

ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் அவர் பயணம் செய்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள். இப்னு ஜுஸையி என்ற எழுத்தர் அதை நூலாக்கி முடித்தார். அதன்பின் இப்னு பதூதா மொராக்கோவில் காஜியாகவே பணி புரிந்து தம் இறுதி நாள்களைக் கழித்தார். உலகெங்கும் சோறிட்ட அதே தொழில் இறுதியில் சொந்த நாட்டிலும் சோறிட்டது. ஆனால் அவர் திரும்பிய வீட்டில் காத்திருந்தவர் எவருமில்லை.

பெருநாள் கழிந்து சில வாரங்களுக்குப் பின் இந்தக் கதையை என் சகோதரியின் மகனுக்கு நெடிய கடிதமாக எழுதினேன். வேலையை விடும்படி நான் சொல்லவில்லை. அது ஹலாலான வேலை. அவர் திறமையால் பெற்றது. ஒன்றை மட்டும் கேட்டேன். உலகில் எந்த மேசையிலும் அமர்ந்து செய்யக்கூடிய வேலையென்றால், ஆண்டில் சில மாதம் உன் தாய் வீட்டு மேசையிலும் அமர்ந்து செய்யலாமே! இணைப்பு நம் ஊரிலும் கிடைக்கிறது. இப்னு பதூதாவுக்கு வாய்க்காத வசதி அது. காஜிப் பதவியைத் தாஞ்சியருக்குக் கொண்டுபோக டெல்லியில் இருந்த அவரால் முடியவில்லை. உன்னால் முடியும்.

அவர் பதில் எழுதவில்லை. ஆனால் வரும் ரமலானில் தராவீஹுக்கு நம் பள்ளியில் இருப்பேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். மேல் மாடி அறையில் மேசை போட்டாகிவிட்டது. இன்ஷா அல்லாஹ்.

பயணத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்து, பெற்றோரின் கண்கள் குளிரும்படி அவர்களை வீடு சேர்ப்பானாக! ஆமீன்.